கல்பள்ளி, பதினான்காம் வரிசை

கல்லறைக் குழுவுக்கு வாரம் மூன்று நாள்
கணக்கு எழுதுகிறேன்.
குழி வாடகை, தொலைந்த ரசீதுகள்,
நவம்பர் இரண்டுக்குச் சுண்ணாம்பு எத்தனை மூட்டை.

செத்தவர்களைத் தேடுவது என் வேலையில் சேராது.
ஆனால் அயர்லாந்திலிருந்து ஷெவோன் டூலி என்று ஒருவர்
‘அன்புள்ள எமரென்சியா’ என்று ஆரம்பித்தால்
எப்படி மாட்டேன் என்பது?
கொள்ளுத்தாத்தாவின் தம்பியாம்.
பீரங்கிப் படைக் குதிரைகளுக்கு லாடம் அடித்தவர்.
பிளேக் வருஷத்தில் பெங்களூரில் போய்விட்டார்.
கல் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

இருந்தது.
பார்த்தீனியம் இடுப்பு உயரம்.
அரிவாளோடு வந்த ஞானாதிக்கம்
ஒரு சாரையைப் பார்த்ததும் டீ குடிக்கப் போனான்.
மிச்சத்தை நான்தான் வெட்டினேன்.

ஆளுயரச் சிலுவை, தலையைச் சுற்றி வளையம்.
ஷெவோன் அனுப்பிய படத்தில் இருக்கிற
அவர்கள் ஊர்ச் சிலுவைக்குத் தங்கை மாதிரி.
அங்கே மணற்கல், ஆயிரம் வருஷத்து மழை,
புனிதர் ஒருவருக்கும் மூக்கு இல்லை.
இங்கே நம் கருங்கல். எல்லோருக்கும் மூக்கு இருக்கிறது,
கொஞ்சம் தூக்கலாகவே.
சிங்கக் குகையில் தானியேல்.
சிங்கங்கள் எங்கே? நாலும் யாளி.
ஒன்றின் வாயில் கல்லுருண்டைகூட வைத்திருக்கிறான்,
விரலை விட்டுப் பார்த்தேன், உருளவில்லை.
அந்த ஊர் முடிச்சுப் பின்னலைச்
சிக்குக் கோலமாக இழுத்துவிட்டு
புள்ளிகளை எடுக்க மனசு வராமல் விட்டிருக்கிறான்.

அடிப்பீடத்தில் வட்டக் கோபுரம்.
ஒல்லியாக உயர்ந்து, உச்சியில் கூம்புத் தொப்பி.
துறவிகளின் மணிக்கூண்டாம்.
படத்தில் அதன் வாசல்
இரண்டு ஆள் உயரத்தில், அந்தரத்தில், படியில்லாமல்.
கொள்ளைக்காரர்கள் படகில் வந்தால்
மணியையும் புத்தகத்தையும் மேலே ஏற்றிவிட்டு
ஏணியை உள்ளே இழுத்துக்கொள்வார்களாம்.
அப்படித்தான் சொல்கிறார்கள், நிச்சயமில்லை
என்றும் எழுதியிருந்தார்.

கல்பள்ளிக் கோபுரத்துக்கு வாசல் தரையில்.

ஷெவோன் நாசூக்காகக் கேட்டார்:
வாசல் கொஞ்சம் இறங்கியிருக்கிறதோ?

கரையான் விட்டுவைத்த பதிவேட்டில் இருந்தது:
‘டூலி சிலுவை, ஆற்காடு காத்தவராயன், ரூபாய் பதினாறு.
ஒரு ரூபாய் பிடித்தம்.’
எதற்கென்று இல்லை.
யாளிக்கா, புள்ளிக்கா, வாசலுக்கா.

கூரை ஓட்டைப் பிரித்து
வீடுகளுக்குள் வெயிலை விட்ட வருஷம் அது.
கதவைத் தட்டாமல் வந்து ஆட்களைத் தூக்கிப்போன வருஷம்.
ஏணிக் கதையைக் காத்தவராயனுக்கு
யாரும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.
சொல்லி, அவன் சிரித்திருக்கலாம்.
அந்த உயரத்தில் கல்லில் நீரோட்டம் இருந்து
உளி தானாகவே கீழே வந்திருக்கலாம்.
நான் கணக்கெழுதுகிறவள். எனக்குத் தெரியாது.

கல்ஹள்ளி, கல் ஊர், அவ்வளவுதான் மேடம்
என்று முடித்துவிடுவார் ஆட்டோக்காரர்.
தமிழில் பள்ளி என்றால் படுக்கிற இடம்,
துறவிகள் தங்கிய இடம்,
வாய்பாட்டுக்கு நான் அடிவாங்கிய இடம்.
எது என்று கேட்காமல்
டூலி வந்து படுத்திருக்கிறார்.

வாசல் ஒரு விரற்கடை ஆழம்.
உள்ளே கரி. உருகி உறைந்த மெழுகு,
வெள்ளைமேல் நீலம், நீலத்தின்மேல் சிவப்பு.
கல்லறைத் திருநாளுக்கு வந்த யார் யாரோ
சொந்தக் குழிக்கு வைத்தது போக
கையில் மிஞ்சிய ஒரு துண்டை
காற்றுக்கு மறைவாய் ஒரு மாடம் என்று
இங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
பார்த்தீனியத்துக்குள் கையை விட்டு.

‘ஆமாம், இறங்கித்தான் இருக்கிறது’
என்று பதில் போட்டேன்.
அளவுக்கு என் பேனாவை வாசலில் சாய்த்து
ஒரு படம்.

பிறகு பழைய பதிவேட்டில், பென்சிலால்
(குழுத் தலைவர் பார்த்தால் திட்டுவார்)
காத்தவராயன் பெயருக்கு எதிரே எழுதினேன்:
பாக்கி, ரூபாய் ஒன்று.